தலையாரி முதல் பீட் போலீஸ் வரை

வங்கி வாசலிலோ, நகைக்கடை ஓரத்திலோ, தெருக்கோடி வீட்டின் வெளிக்கதவிலோ ஒரு நோட்டுப் புத்தகம் கயிற்றில் தொங்குவதை நீங்கள் பார்த்திருக்கலாம். உள்ளே புரட்டினால் தேதி, மணி, கையெழுத்து என்று வரிசையாக இருக்கும். வேறு ஒன்றும் இராது. இதற்குப் 'பட்டாப் புத்தகம்' என்று பெயர். இரவில் ரோந்து வரும் காவலர், அதாவது நாம் 'பீட் போலீஸ்' என்று சொல்பவர், அந்த இடத்துக்கு வந்து போனதற்கு இதுவே அத்தாட்சி. இப்போது பல ஊர்களில் இந்தப் புத்தகத்தின் வேலையைச் சுவரில் ஒட்டிய கியூ.ஆர். குறியீடும் கைபேசிச் செயலியும் செய்கின்றன. கருவி மாறினாலும் காரியம் ஒன்றுதான்.

இரவு 2 மணி 10 நிமிடத்துக்கு ஒருவர் அங்கே வந்தார் என்று அந்தக் கையெழுத்து சொல்கிறது. அவர் என்ன பார்த்தார்? அந்தத் தெருவில் அவருக்கு யாரைத் தெரியும்? அவரை யாருக்குத் தெரியும்? இவற்றுக்கெல்லாம் புத்தகத்தில் கட்டம் இல்லை. ஏனென்றால் அந்தக் கையெழுத்து தெருக்காரர்களுக்காக இடப்படுவதில்லை. மறுநாள் வந்து பார்க்கும் மேலதிகாரிக்காக இடப்படுகிறது.

காவல்காரர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? ஊருக்கா, மேலிடத்துக்கா? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை சொல்லியிருக்கிறது. அந்த விடைகளைத் தேடிப் பார்க்கச் செங்கல்பட்டுச் சீமையைப் போல வசதியான இடம் வேறு இல்லை எனலாம். ஆர்க்காட்டு நவாப் முகமது அலி 1763இல் இந்தச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். தமிழ் நாட்டுக் கிராமங்களைக் கம்பெனிக்காரர்கள் கணக்கெடுத்து, ஆண்டு, சோதனை செய்து பழகியது முதலில் இங்கேதான்.

களத்துமேட்டில் பங்கு

இரவுக் காவல் நமக்குப் புதியதல்ல. மதுரைக்காஞ்சி என்னும் சங்கப் பாட்டில் மதுரை நகரின் இரவுக் காவலர்கள் வருகிறார்கள். மழை கொட்டித் தெருவில் நீர் ஓடும் நள்ளிரவிலும் அவர்கள் தளராமல் சுற்றி வருகிறார்கள் என்று அந்தப் பாட்டு வருணிக்கிறது. பிற்காலக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்று ஒரு வரி காணப்படுகிறது. பாடி என்றால் ஊர். ஊர்க் காவலுக்காகத் தண்டிய வரி இது. விஜயநகரக் காலத்தில் இது 'தலையாரிக்கம்' என்றும் வழங்கிற்று. தலையாரி என்ற பெயர் நாம் எல்லாரும் கேட்டதுதான்.

தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டுச் சீமையில் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அந்தக் கணக்குகளைப் பார்த்தால் ஒரு செய்தி பளிச்சென்று தெரிகிறது. நெல் களத்துக்கு வந்ததும், அரசின் பங்கையும் உழவர் பங்கையும் பிரிப்பதற்கு முன்பே, ஊர்ப் பணியாளர்களுக்கு உரிய பங்கு ஒதுக்கப்பட்டது. கணக்கர், தச்சர், கொல்லர், நீர் பாய்ச்சுவோர் ஆகியோருடன் தலையாரிக்கும் அதில் பங்கு உண்டு. பல ஊர்களுக்கு மேலாகக் காவல் உரிமை பெற்றிருந்த பாளையக்காரருக்கும் ஒரு பங்கு உண்டு. (பாளையக்காரர் என்றதும் கோட்டை கொத்தளத்துடன் ஒரு கட்டபொம்மனை எண்ணிக்கொள்ளாதீர்கள். இந்தச் சீமையில் இருந்தவர்கள் பெரும்பாலும் சிறியவர்களே.)

தலையாரியின் வேலை என்ன? கம்பெனி நிர்வாகம் பற்றி 1812இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு வந்த 'ஐந்தாம் அறிக்கை' அதைச் சுருக்கமாகச் சொல்கிறது. ஊரில் நடந்த குற்றங்களைப் பற்றித் துப்பு அறிவது ஒன்று. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும் வழிப்போக்கர்களுக்குத் துணை போவது மற்றொன்று. பயிரைக் காப்பதும் விளைச்சலை அளக்க உதவுவதும் அவருக்குக் கீழே இருந்த தோட்டியின் வேலை.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. களவு போன பொருளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், காவல் உரிமை பெற்றவரே நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும் என்பது தமிழ்ச் சீமைகள் பலவற்றில் வழக்கமாக இருந்தது. மாடு களவு போனால் அடிச்சுவடு பிடித்துக்கொண்டு போவார்கள். சுவடு அடுத்த ஊர் எல்லைக்குள் நுழைந்துவிட்டால் பொறுப்பும் அந்த ஊர்க் காவலுக்குப் போய்விடும். இப்படிப்பட்ட காவல்காரருக்குக் கையெழுத்துப் புத்தகம் தேவையா? மாடு இருந்தால் அவர் விழித்திருந்தார் என்று பொருள். மாடு இல்லையென்றால் அவருடைய நெல் குறையும்.

பொற்காலம் என்று உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். காவல் கூலி கொடுக்க மறுத்த வீட்டிலே களவு நடப்பதும், களவு போன மாட்டைத் 'துப்புக்கூலி' கொடுத்து மீட்பதும் பல சீமைகளில் சர்வசாதாரணம். காவலும் களவும் ஒரே கையில் இருந்த இடங்கள் உண்டு. சாதி வழியாக வந்த வேலை ஆனபடியால், மேல்சாதிக்காரர் வீட்டுக்கும் சேரிக் குடிசைக்கும் ஒரே காவல் கிடைத்தது என்று சொல்லவும் முடியாது. ஆனாலும் காவல்காரர் யார் என்பது ஊருக்குத் தெரியும். ஊரில் யார் எவர் என்பது அவருக்கும் தெரியும். அந்த அறிவுக்குத்தான் நெல் அளந்தார்கள்.

டாணாவும் கிட்டியும்

மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயில் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதில் வரும் பிளேஸ் துரை வெறும் கதாபாத்திரம் அல்லர். லயனல் பிளேஸ் 1794 முதல் 1798 வரை இந்த ஜாகீருக்குக் கலெக்டராக இருந்தவர். பாளையக்காரர்கள் உண்மையில் காவல்காரர்களே, அவர்களைப் பழைய பொறுப்பில் மீண்டும் நிறுத்த வேண்டும் என்பது அவர் கருத்து. அவருக்குப் பின் காற்று வேறு பக்கம் அடித்தது. 1802இல் வங்காளத்தைப் பார்த்துத் தாரோகா முறையைக் கொண்டுவந்தார்கள். சம்பளம் வாங்கும் தாரோகா, அவருக்குக் கீழே சேவகர்கள், அவர்கள் இருக்கும் இடம் 'டாணா'. போலீஸ்காரரை 'டாணாக்காரர்' என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, அந்தச் சொல்லின் வேர் இந்த டாணாதான்.

தாரோகாக்கள் ஊரை அறியாதவர்கள். ஊரும் அவர்களை மதிக்கவில்லை. 1816இல் தாமஸ் மன்றோவின் யோசனைப்படி 11ஆம் ஒழுங்குவிதி வந்தது. கிராமத்தில் மணியக்காரர் போலீஸ் தலைவர், அவருக்குக் கீழே தலையாரி, மேலே தாசில்தார். ஊர்க்காவல் ஊருக்கே திரும்பிவிட்டது என்று தோன்றும். ஆனால் ஒரு பெரிய கோளாறு உள்ளே இருந்தது. வரி தண்டுகிறவரும் தாசில்தாரே, குற்றவாளியைப் பிடிக்கிறவரும் தாசில்தாரே! வரி பாக்கி வைத்த உழவரையும் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவரையும் ஒரே சேவகர்கள், ஒரே வகையில் 'விசாரித்தார்கள்'.

அந்த விசாரணை எப்படி இருந்தது என்பதைச் சென்னையில் 1854–55இல் அமர்ந்த சித்திரவதை விசாரணைக் கமிஷன் உலகுக்குக் காட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறையீடுகள் அதற்கு வந்தன. நேரில் சொல்வதற்காக வெகுதூரம் நடந்தே வந்தவர்கள் உண்டு. விரல்களைக் கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் 'கிட்டி', தலையைக் காலோடு சேர்த்து வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் 'அண்ணாந்தாள்' என்று தமிழ்ப் பெயர்களுடனேயே அந்த அறிக்கை 1855இல் அச்சாயிற்று. படிப்பதற்கு நெஞ்சு வேண்டும்.

இதன் விளைவாகத்தான் 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் பிறந்தது. வரி வேலை வேறு, போலீஸ் வேலை வேறு என்று பிரித்தார்கள். புதிய போலீஸை அமைக்கும் பொறுப்பு வில்லியம் ராபின்சன் என்ற அதிகாரியிடம் வந்தது. இந்தியாவின் பெரும்பகுதிக்கு 1861ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோதும் நமக்கு 1859ஆம் ஆண்டுச் சட்டமே நிலைத்தது. இப்படித்தான் 'கான்ஸ்டபிள்' நம் தெருவுக்கு வந்தார். இந்தச் சொல்லின் இலத்தீன் மூலத்துக்குக் குதிரை லாயத்தின் அதிகாரி என்று பொருள். நம்மிடம் வந்து 'கான்ஸ்டேபிள்' ஆனது. 'ஹெட் கான்ஸ்டேபிள்' சுருங்கி 'ஏட்டு' ஆனார், மரியாதையோடு 'ஏட்டையா' ஆனார்.

1859இல் நடந்த மாற்றத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கிட்டி பிடித்த கையிலிருந்து வரிப் புத்தகத்தைப் பிடுங்கியது பெரிய காரியமே. ஆனால் அதே வீச்சில் ஒரு கயிறும் அறுந்தது. புதிய காவலருக்குச் சம்பளம் கஜானாவிலிருந்து வந்தது. உத்தரவு மேலேயிருந்து வந்தது. தவறினால் தண்டனையும் மேலேயிருந்தே வந்தது. களவு போன வீட்டுக்காரருக்கு அவர் எதையும் ஈடுகட்ட வேண்டியதில்லை. சம்பளம்தான் எவ்வளவு? பிரேசர் தலைமையிலான போலீஸ் கமிஷன் 1902–03இல் நாடு முழுதும் சுற்றி விசாரித்துவிட்டு, கான்ஸ்டபிளுக்கு மாதம் 8 ரூபாயாவது குறைந்தபட்சம் கொடுங்கள் என்று பரிந்துரைக்க வேண்டியிருந்தது!

ஒரு நாள், ஓர் இரவு

அந்தச் சிவப்புத் தலைப்பாகைக் காலத்திலிருந்து இன்றுவரை காவலரின் நாள் எதனால் நிரம்புகிறது? சினிமாவில் பார்ப்பது போலத் துரத்தலும் சுடுதலும் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள்.

காலையில் ரோல் கால். பெயர் கூப்பிட்டு அன்றைய வேலையைப் பங்கிடுவார்கள். ஒருவருக்குப் 'பாரா': நிலைய வாசலில் துப்பாக்கியுடன் நின்று ஆயுதங்களையும் லாக்கப்பையும் காப்பது. பஹ்ரா என்ற உருதுச் சொல்லே பாரா ஆயிற்று. ஒருவருக்குக் கோர்ட் வேலை: செங்கல்பட்டு நீதிமன்றத்துக்குச் சாட்சிகளையும் ஆவணங்களையும் கொண்டுசேர்த்து, வாய்தா தேதியைக் குறித்துக்கொண்டு வருவது. ஒருவருக்குச் சம்மன், வாரண்டு. ஒருவர் கைதிக்கு வழிக்காவல். ஒருவர் கடவுச்சீட்டு விண்ணப்பக்காரரின் முகவரியைத் தேடிப் போவார். ரைட்டர் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பார்.

இன்னொரு வேலை உண்டு. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நள்ளிரவில் விபத்து நடந்தால், உறவினர் வரும்வரை பிணத்தின் அருகே ஒருவர் நிற்க வேண்டும். மாமல்லபுரம் கடலில் குளிக்கப்போய் அலையில் சிக்கியவரின் உடல் கரை ஒதுங்கினாலும் அப்படியே. பிரேத விசாரணை முடிந்ததும் உடலைச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய், மருத்துவரிடம் அடையாளம் காட்டி, பரிசோதனை முடிந்தபின் உறவினரிடம் ஒப்படைத்து, உடைகளைப் பெற்றுக்கொண்டு திரும்ப வேண்டும். சந்தேக மரணத்துக்கான இந்த நடைமுறை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 194ஆம் பிரிவில் இருக்கிறது. எண் மாறியது, பிணத்தோடு போகிறவர் மாறவில்லை.

ரோந்துக்கு வருவோம். தெரு ரோந்து தவிர முன்பு கிராம ரோந்து என்று ஒன்று இருந்தது. காவலர் நடந்தோ சைக்கிளிலோ ஊர் ஊராகப் போய், கிராம முன்சீப்பைப் பார்த்து, புதிதாக யார் வந்தார்கள், யார் ஊரைவிட்டுப் போனார்கள், என்ன தகராறு என்று கேட்டு, தாம் வந்துபோனதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்புவார். தலையாரிதான் அவருக்குக் கண்ணும் காதும். 1980 நவம்பரில் தமிழக அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. ஒழித்ததில் நியாயம் இருந்தது. சில குடும்பங்களின் பிடியில் ஊர் கிடந்தது. ஆனால் காவலருக்கு ஊர்ச் செய்தி சொல்லும் ஆள் என்ற இடமும் அதோடு காலியாயிற்று. பின்னால் வந்த கிராம நிர்வாக அலுவலர் வருவாய்த் துறைக்காரர்; ஊருக்கு ஊர் மாறுதலில் வருபவர்.

கடற்கரைப் பகுதியில் நடை இன்னும் கடினம். கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பக்கிங்காம் கால்வாய், நடுவே மணலும் சவுக்குத் தோப்பும். கோவளம், கேளம்பாக்கம் உப்பளங்களைக் காக்க வெள்ளையர் காலத்தில் உப்பு இலாகாவுக்குத் தனிக் காவலர்கள் இருந்தார்கள். மணலில் நடப்பது எவ்வளவு சிரமம் என்பதைப் பெல்ஜிய உடலியல் ஆய்வாளர்கள் 1998இல் அளந்து காட்டினார்கள். கெட்டித் தரையில் நடப்பதைப்போல் 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் மணலில் செலவாகிறது. மணல் காலுக்குக் கீழே நழுவுவதால், நாம் செலவிடும் உழைப்பில் ஒரு பகுதி மணலை நகர்த்துவதிலேயே போய்விடுகிறது. இரண்டு கிலோமீட்டர் கடற்கரை ரோந்து என்பது உடம்புக்கு நாலைந்து கிலோமீட்டர்! அதையும் பூட்ஸ் காலோடு நடக்க வேண்டும்.

இரவுக்கு வேறொரு கணக்கு. நம் உடலின் வெப்பம் நாள் முழுதும் ஒரே சீராக இருப்பதில்லை. விடிவதற்கு முன், ஏறத்தாழ 4 மணியை ஒட்டி, அது மிகக் குறைவாக இருக்கும். விழிப்பும் அப்போதுதான் மிகவும் மங்கும். பகல் ரோந்து ஒரு வாரம், இரவு ரோந்து ஒரு வாரம் என்று மாற்றி மாற்றிப் பார்ப்பவரின் உடல், எந்த வாரத்துக்கும் முழுதாகப் பழகுவதற்குள் அந்த வாரம் முடிந்துவிடுகிறது.

கேடி என்ற சொல்

'அவன் பெரிய கேடி' என்கிறோம். கேடு என்பதிலிருந்து வந்த சொல் என்றே பலரும் எண்ணுவார்கள். உண்மையில் இது போலீஸ் பதிவேட்டுச் சொல். தெரிந்த கொள்ளைக்காரர் என்ற பொருளில் 'நோன் டெப்ரடேட்டர்' என்று ஆங்கிலத்தில் ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். அந்த இரு சொற்களின் முதல் எழுத்துகள் கே, டி. பீட் காவலர் தம் எல்லையிலுள்ள கே.டி.க்கள் இரவில் வீட்டில் இருக்கிறார்களா என்று போய்ப் பார்க்க வேண்டும். பதிவேட்டிலிருந்து சொல் தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து பேச்சு மொழிக்கும் வந்துவிட்டது.

ஊரை நேரில் அறிந்த தலையாரியின் இடத்தில் ஊரை அறியாத கான்ஸ்டபிள் வந்தபோது, அந்த அறிவை ஈடுசெய்யப் பதிவேடு தேவைப்பட்டது. அதே காலத்தில் அறிவியலும் ஒரு கருவியைக் கொடுத்தது. 1897இல் கல்கத்தாவில் கைரேகை நிலையம் ஏற்பட்டது. எட்வர்டு ஹென்றியின் பெயரால் வழங்கும் ரேகை வகைப்பாட்டு முறையை உருவாக்கியதில் அவர் கீழ் பணிபுரிந்த அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியரின் உழைப்பு பெரியது. பத்து விரல் ரேகைகளைக் கொண்டு ஒருவரை ஐயமின்றி அடையாளம் காண முடிந்தது உலகக் குற்றவியலுக்கே பெரிய பேறு.

ஆனால் அதே மைப்பலகை வேறொன்றுக்கும் பயன்பட்டது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு நீண்டது. குற்றம் செய்தவரை மட்டுமன்றி, ஒரு சாதியில் பிறந்தவரை எல்லாம் பதிவு செய்து, ரேகை எடுத்து, இரவில் ஆஜராகச் சொல்லும் சட்டம் அது. மக்கள் இதை 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தார்கள். மதுரைப் பக்கத்தில் பல தலைமுறைகளாக ஊர்க்காவல் உரிமை வைத்திருந்த பிறமலைக் கள்ளர்களே இந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். நேற்றுவரை இரவில் ஊரைக் காத்தவர்கள் இன்று இரவில் தாமே வரிசையில் நிற்க வேண்டும்! ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் மாண்டனர். 1952இல் அந்தச் சட்டம் நாடு முழுவதிலும் நீங்கியது.

செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களை இங்கே நினைத்துப் பாருங்கள். மண்ணில் பாம்பு ஊர்ந்த தடத்தைப் படிப்பதில் அவர்களுக்கு இணை இல்லை. வயலுக்கும் தோப்புக்கும் காவல் இருந்தவர்கள் அவர்களில் பலர். அக்கம்பக்கத்தில் ஏதேனும் காணாமற் போனால் முதலில் சந்தேகிக்கப்பட்டவர்களும் அவர்களே.

நடப்பதால் என்ன பயன்?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு பீட்டில் 6 கிலோமீட்டர் தெரு இருப்பதாக வையுங்கள். காவலர் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காமல் நடந்தால் ஒரு சுற்றுக்கு 90 நிமிடம். ஒரு வீட்டில் திருடன் 15 நிமிடம் இருக்கிறான். அந்த 15 நிமிடத்துக்குள் காவலர் அந்த வீட்டைக் கடக்க வாய்ப்பு 90இல் 15, அதாவது ஆறில் ஒன்று. கடந்தாலும் இருட்டில் உள்ளே நடப்பது தெரிய வேண்டும். விசில் சத்தம் கேட்டுத் திருடன் பதுங்காமல் இருக்க வேண்டும். பட்டாப் புத்தகம் எங்கெங்கே தொங்குகிறது என்பது அவனுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். இதுவும் களவு நடக்கும் இரவுக்குத்தான். களவே நடக்காத இரவுகள்தாம் மிகுதி. பிரிட்டனில் 1984இல் இப்படி ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். இலண்டன் ரோந்துக் காவலர் ஒருவர், நடந்துகொண்டிருக்கும் களவுக்கு 100 கஜ தூரத்துக்குள் வருவது ஏறத்தாழ எட்டு ஆண்டுக்கு ஒரு முறையே. அப்போதும் களவு நடப்பதை அவர் அறிவார் என்பதில்லை!

அமெரிக்காவில் கான்சாஸ் நகரில் 1972–73இல் 15 பீட்டுகளைப் பிரித்துச் சோதனை செய்தார்கள். சிலவற்றில் கார் ரோந்தை நிறுத்தினார்கள். சிலவற்றில் இரண்டு மூன்று மடங்கு ஆக்கினார்கள். மற்றவற்றை அப்படியே விட்டார்கள். குற்றங்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மக்கள் ரோந்தின் மாற்றத்தைக் கவனிக்கவே இல்லை.

அப்படியானால் ரோந்து வீணா? நியூவார்க் நகரில் 1978–79இல் காரை விட்டு இறங்கி நடக்கச் செய்தார்கள். அங்கும் குற்றம் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் மக்களின் அச்சம் குறைந்தது. காவலர்மீது நல்லெண்ணம் வளர்ந்தது. பிலடெல்பியாவில் 2009 கோடையில், வன்முறை மிகுந்த 60 சிறிய இடங்களைப் பொறுக்கியெடுத்து நடை ரோந்து போட்டபோது, ரோந்து போடாத ஒத்த இடங்களைவிட வன்முறைக் குற்றம் 23 சதவீதம் குறைந்தது. ரோந்தை நிறுத்தியதும் அந்தப் பலன் கரைந்துபோயிற்று.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். சும்மா சுற்றி வருவதில் கள்ளன் அகப்படமாட்டான். எங்கே நடப்பது என்று தெரிந்து நடந்தால் பலன் உண்டு. மனிதர்களோடு பேசி நடந்தால் வேறொரு பலன் உண்டு. இரண்டுக்கும் அந்த இடத்தைப் பற்றிய அறிவு வேண்டும். தலையாரிக்கு நெல் அளந்தது இதற்காகவே. (இன்னொரு வேடிக்கை. இரவில் விசில் ஊதிச் சுற்றிவிட்டு மாதக் கடைசியில் வீடு வீடாகக் காசு வாங்கும் கூர்க்காவை நினைத்துப் பாருங்கள். பழைய காவல் கூலி அந்த உருவத்தில் நம் தெருக்களில் உயிரோடிருக்கிறது!)

பந்தோபஸ்து

நடக்க நேரம் வேண்டுமே! தேசிய போலீஸ் கமிஷன் (1977–81) எடுத்துக்காட்டிய ஓர் ஆய்வின்படி, கீழ்நிலைப் போலீசார் நாளுக்கு 10 முதல் 16 மணி நேரம், வாரத்தில் ஏழு நாளும் உழைத்தார்கள். தமிழகத்தில் காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்ற அரசாணை வந்தது 2021 நவம்பரில்தான். சங்கம் வைத்து முறையிடவும் வழியில்லை. 1966ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. அதிகாரிகளின் வீட்டு வேலைக்குக் காவலரை வைக்கும் 'ஆர்டர்லி' முறையை ஒழிக்க 1979இலேயே அரசு ஆணையிட்டது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் அதே முறையை மீண்டும் கண்டிக்க வேண்டியிருந்தது என்றால் புரிந்துகொள்ளுங்கள்.

செங்கல்பட்டு, மாமல்லபுரம் பகுதியில் பந்தோபஸ்துக்குக் குறைவே இல்லை. திருக்கழுக்குன்றம் சித்திரைத் தேர், திருப்போரூர் சஷ்டி, மேல்மருவத்தூர் ஆடிப்பூரம் என்று ஆண்டு முழுதும் கூட்டம். 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோதும், 2022இல் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நடந்தபோதும் பல மாவட்டங்களிலிருந்து காவலர்கள் வந்து சாலையோரம் நின்றார்கள். அவர்கள் விட்டு வந்த பீட்டுகளில் அந்த நாட்களில் யார் நடந்திருப்பார்கள்? பந்தோபஸ்து வெறும் நிற்கும் வேலையும் அன்று. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் (அது அப்போது செங்கல்பட்டு மாவட்டப் பகுதி) ராஜீவ் காந்தியோடு இறந்தவர்களில் கூட்டத்தைக் காக்க நின்ற காவலர்கள் பலர் இருந்தனர்.

மாறியவையும் உண்டு. 1973இல் ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள் என்று தொடங்கிய தமிழகப் பெண் போலீஸ் இன்று இல்லாத நிலையம் இல்லை. 1994இல் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் ஏற்பட்டது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் அதற்குப் படகுகளும் நிலையங்களும் பெருகின. ஆனாலும் ஒரு புதிய படகு கரையில் நின்றால் அதை முதலில் அறிபவர் மீனவரே. மீனவக் குப்பங்களுக்குத் தங்கள் பஞ்சாயத்து உண்டு. தகராறுகளில் பெரும்பாலானவை அங்கேயே தீர்ந்துவிடும். அந்தப் பஞ்சாயத்தாரோடு டீ குடித்துப் பேசத் தெரிந்த காவலருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. அவருக்கு மாறுதல் வரும்போது லத்தியையும் பதிவேட்டையும் கணக்கெழுதி ஒப்படைப்பார். அந்தப் பழக்கத்தை ஒப்படைக்க இன்னும் ஒரு படிவம் அச்சாகவில்லை.

மாசி மகத்தன்று நீங்கள் மாமல்லபுரம் போனால் இதைக் கண்ணாலேயே காணலாம். பல மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் முந்தைய நாளே வந்து, கடற்கரை மணலில் குச்சி நட்டுப் புடவைகளைக் கட்டிக் குடில் போட்டுவிடுவார்கள். விடியற்காலை முழுநிலவு மறையும் முன் கடலில் குளித்து, மணலில் ஏழு படி கட்டிக் கன்னியம்மனை வணங்குவார்கள். பெண் பார்ப்பதும் பேசி முடிப்பதும் அங்கேயே. சில திருமணங்கள் அந்தக் கரையிலேயே நடந்துவிடும். குழந்தை தவறிப்போகாமலும் யாரும் ஆழத்துக்குப் போகாமலும் பார்த்துக்கொள்ள அந்த இரவு முழுதும் காவலர்கள் நிற்கிறார்கள். விடியும்போது அவர்களும் பூட்ஸைக் கழற்றி மணலைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். அருகே போய்க் கேளுங்கள்: எந்தக் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர் அவர்களில் ஒருவராவது இருப்பார்.